வீடு விற்பவரும் தரகுக் கூலியும்

நெய்வோர்க்கும் விளைவிப்போர்க்கும் தரகு என்பது புதிய சொல்லன்று. நூல் வாங்கும் இடத்தில் ஒருவர், சேலை விற்கும் இடத்தில் ஒருவர், நெல் அளக்கும் களத்தில் ஒருவர், மாடு பிடிக்கும் சந்தையில் ஒருவர் என, இடைநிற்போர் கையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்தக் கை நம் உழைப்பில் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் பார்த்ததன் பயனாகவே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. ஆயினும், வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறை விற்கும் பொருளாகிய வீட்டை விற்கும்போது மட்டும் நாம் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். ஒரு சேலைக்குக் கூலி ஐந்து ரூபாய் குறைந்தால் சங்கத்தின் வாயிலில் வந்து நியாயம் கேட்கும் அங்கத்தினர், வீட்டு விலையில் லட்சக்கணக்கில் குறைவதை அறியாமலே பத்திரத்தில் ஒப்பமிட்டுத் திரும்புகிறார்.

புதுவை நகரம் மேற்கே விழுப்புரம் சாலை வழியாக வில்லியனூரை நோக்கியும், தெற்கே கடலூர்ச் சாலை வழியாகப் பாகூர்ப் பக்கமாகவும் பரவி வருவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நிலங்களுக்கு அருகிலேயே மனைப் பிரிவுப் பலகைகள் நிற்கின்றன. இதனால் நம் கொம்யூன்களில் உள்ள பழைய ஓட்டு வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும்கூட வெளியூரார் விலை கேட்கும் காலம் வந்திருக்கிறது. மகள் திருமணம், மருத்துவச் செலவு, பங்காளிகளின் பாகப்பிரிவினை, கடன் என ஏதேனும் ஒரு முடையினால் வீட்டை விற்கத் துணியும் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “தரகர் நூற்றுக்கு இரண்டு கேட்கிறார், கொடுக்கத்தான் வேண்டுமா? நாமே விற்றுக்கொண்டால் என்ன?”

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது; ஆனால் அது சரியாகாது. தரகர் நமக்குச் செய்வதாகச் சொல்லும் வேலைகள் யாவை, அவற்றில் நாமே செய்யக்கூடியவை யாவை, செய்யக்கூடாதவை யாவை என்று பகுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

தரகர் செய்யும் வேலை நான்கு. வாங்குபவரைத் தேடிக் கொண்டுவருதல் ஒன்று. விலை இன்னதென்று மதித்துச் சொல்லுதல் இரண்டு. இரு தரப்பாரும் முகத்துக்கு முகம் பேசிக் கசந்துபோகாமல் நடுவே நின்று பேசி முடித்தல் மூன்று. பத்திரம், வில்லங்கச் சான்று, பதிவு ஆகியவற்றுக்கு அலைதல் நான்கு. இந்நான்கையும் நேர்மையாகச் செய்பவர் கூலிக்கு உரியவரே. வெயிலில் பத்துப் பேரை அழைத்து வந்து வீட்டைக் காட்டி, ஒன்பது பேர் வேண்டாம் என்று போன பின்னும் பதினோராவது ஆளைத் தேடுகிறவரின் கால்நோவை நாம் இகழ்வது முறையன்று. தரகரும் ஓர் உழைப்பாளியே.

கூலி எவ்வளவு? நம் பகுதியில் வழக்கமாகப் பேசப்படுவது விற்பவரிடம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு, வாங்குபவரிடமும் அவ்வாறே. இதை நிர்ணயிக்கும் சட்டம் எதுவும் இல்லை, பேச்சே சட்டம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்கள் பதிவு பெற வேண்டும் என்று கூறுகிறது என்பது உண்மையே. ஆனால் அது, அச்சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டிய புதிய மனைப் பிரிவுகளையும் அடுக்குமாடிக் கட்டடங்களையும் விற்றுத் தருவோரைப் பற்றியது. நம் பாட்டனார் கட்டிய வீட்டை விற்றுத் தருகிற ஊர்த் தரகரை அது தொடுவதில்லை. ஆகவே, நம் பாதுகாப்பை நாமே தேடிக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வீட்டின் விலை 30 லட்சம் ரூபாய் என்று கொண்டால், நூற்றுக்கு இரண்டு வீதம் தரகு 60,000 ரூபாய். நெசவாளர் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. பல மாத உழைப்பின் கூலி. இதை மிச்சப்படுத்த எண்ணுவது இயல்பே. ஆனால், வீடு விற்பதில் நமக்கு நேரும் பெரிய இழப்பு இந்த 60,000 ரூபாய் அன்று. பெரிய இழப்பு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நம் அங்கத்தினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் வீட்டை விற்றார். “எனக்குத் தரகே வேண்டாம், ஐயா. உங்கள் கைக்கு 26 லட்சம் வந்துவிடும், அதற்கு மேல் வருவது என் பாடு” என்றார் தரகர். தரகுக் கூலியே இல்லை என்பதில் மகிழ்ந்து அவர் இசைந்தார். பத்திரம் முடிந்த பிறகுதான், வாங்கியவர் மொத்தம் 30 லட்சம் கொடுத்தார் என்பது வாங்கியவரின் வாயாலேயே தெரியவந்தது. நூற்றுக்கு இரண்டு கொடுக்க மனமில்லாதவர், தாம் அறியாமலே நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் கொடுத்திருந்தார். 60,000 எங்கே, 4 லட்சம் எங்கே! அந்த 4 லட்சத்தில் அவருடைய கடன் முழுவதும் தீர்ந்திருக்கும். இன்று அவர் வாடகை வீட்டில் தறி போட இடமின்றி இருக்கிறார்.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரல் பிடித்து விலை பேசும் பழக்கத்தை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். விற்பவன் விரலைத் தரகர் பிடிப்பார். பிறகு வாங்குபவன் விரலைப் பிடிப்பார். இருவர் விரலும் சொன்ன தொகை அவர் ஒருவருக்கே தெரியும். “கைக்கு இவ்வளவு” என்னும் பேச்சும் அத்தகையதே. வீட்டின் மீது துண்டு போட்டு மூடியாகிவிட்டது. தரகுக் கூலி அதிகமா குறைவா என்பதற்கு முன், துண்டு விலகியிருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டமும் இதே கருத்தை உடையது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பிறருக்காகச் செயல்படும் முகவரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அதன் 213-ஆம் பிரிவின்படி முகவர் கேட்டபோது கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். 216-ஆம் பிரிவின்படி, நமக்குத் தெரியாமல் அவர் அவ்வியாபாரத்தைத் தமக்காகவே நடத்தியிருந்தால், அதனால் அவருக்குக் கிடைத்த ஆதாயத்தை நாம் உரிமையோடு கேட்கலாம். 220-ஆம் பிரிவின்படி, முறைதவறி நடந்த முகவருக்கு அந்த அளவுக்குக் கூலியே இல்லை. ஆனால் “மேல் வருவது என் பாடு” என்பதற்கு நாமே வாயால் இசைந்துவிட்டால், பிறகு இந்தப் பிரிவுகளைக் காட்டி வாதாடுவது கடினம். ஆகவே பேச்சின் தொடக்கத்திலேயே விழித்திருத்தல் வேண்டும்.

தரகர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவர் நலனும் நம் நலனும் முற்றும் ஒன்றல்ல என்பதையும் உணர வேண்டும். விலையில் ஒரு லட்சம் கூடினால் நமக்கு 98,000 ரூபாய் மிஞ்சும். அவருக்குக் கிடைப்பது 2,000 ரூபாய். அந்த 2,000-க்காக அவர் இன்னும் ஒரு மாதம் காத்திருப்பாரா, அல்லது “இந்த விலைக்கே முடித்துவிடுங்கள்” என்பாரா? அமெரிக்க நாட்டுப் பொருளியல் அறிஞர்களான லெவிட், சைவர்சன் என்னும் இருவர் சிகாகோ வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் முடிவு வெளியிட்டனர். தரகர்கள் பிறர் வீட்டை விற்பதைவிடத் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது ஒன்பது பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்து, நூற்றுக்கு 3.7 வீதம் அதிக விலை பெற்றார்கள் என்பது அதன் சாரம். 30 லட்சம் வீட்டுக்கு இது 1,11,000 ரூபாயாகும். சீமையிலும் மனிதர் மனிதரே.

அதே நாட்டில் மாடிசன் என்னும் ஊரில், தரகர் வழியே விற்றவர்களையும், தாமே விளம்பரம் செய்து விற்றவர்களையும் ஒப்பிட்ட மற்றோர் ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. தரகர் வழியே விற்றவர்களுக்கு விலை அதிகம் கிடைக்கவில்லை. கூலியைக் கழித்தால் தாமே விற்றவர்களுக்கே இலாபம் என்று அது கூறியது. ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றும் கூறியது: தாமே விற்க முயன்றவர்களுக்கு நாள் அதிகம் பிடித்தது, முடியாமல் மீண்டும் தரகரிடம் சென்றவர்களும் பலர். இந்த இரண்டாவது பாதியை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் அங்கத்தினர்களுக்குச் சொன்னால் நாம் நேர்மையற்றவர்களாவோம்.

ஏனெனில் காலத்துக்கும் விலை உண்டு. 5 லட்சம் ரூபாயை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருப்பவர், மாதந்தோறும் 10,000 ரூபாய் வட்டி கட்டுகிறார். தரகு மிச்சம் என்று எண்ணி ஆறு மாதம் வீடு விற்காமல் காத்திருந்தால், அந்த 60,000 வட்டியிலேயே போய்விடும். இத்தகையவர் நேர்மையான தரகருக்குக் கூலி கொடுத்து விரைவில் விற்பதே அறிவுடைமை. கடன் நெருக்கடி இல்லாதவர், பாகப்பிரிவினைக்காகவோ ஊர் மாறுவதற்காகவோ விற்பவர், முதலில் சில மாதம் தாமே முயன்று பார்ப்பதே நன்று. ஆகவே “தரகர் வேண்டுமா” என்ற கேள்விக்கு முதல் விடை, “உமக்கு அவசரம் எவ்வளவு” என்பதே.

தாமே விற்க எண்ணுவோர் எங்கே தொடங்குவது? நம் ஊர்களில் வீட்டுக்கு உரிய விலையைக் கொடுக்கக்கூடியவர் பல வேளைகளில் அடுத்த வீட்டுக்காரரே. பொதுச் சுவரும் ஒட்டிய கொல்லையும் அவருக்குப் பயன்படுவதுபோல் வேறொருவருக்குப் பயன்படா. மானம் கருதி அவரிடம் சொல்லாமல் வெளியூர்த் தரகரிடம் சொல்வதும், பின்னர் அதே அடுத்த வீட்டுக்காரர் தரகர் வழியாக வந்து வாங்குவதும் நாம் கண்ட வேடிக்கைகள். அதற்குப் பிறகு உறவினர், ஊரார். அதன்பின் வீட்டு வாயிலில் ஒரு பலகை. நாளிதழின் புதுவைப் பதிப்பில் ஒரு வரி விளம்பரம். கைப்பேசி பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இணையத்தில் படத்துடன் ஓர் அறிவிப்பு. இவை அனைத்துக்கும் ஆகும் செலவு தரகுக் கூலியில் ஒரு சிறு பங்கே.

விலையை மதிப்பதற்கும் தரகர் ஒருவரையே நம்ப வேண்டியதில்லை. பத்திரப் பதிவுக்கென அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை வில்லியனூர், பாகூர் சார்பதிவாளர் அலுவலகங்களில் கேட்டறியலாம். அது முத்திரைத் தீர்வைக்கான அளவேயன்றிச் சந்தை விலையன்று. எனினும் கால் ஊன்ற ஓர் இடம். அதற்கு மேல், அதே தெருவில் அண்மையில் விற்ற இரண்டு மூன்று வீடுகளின் உண்மையான விலையை, விற்றவரிடமும் வாங்கியவரிடமும் தனித்தனியே விசாரித்தல் வேண்டும். ஒருவரையன்று, மூன்று தரகர்களை வெவ்வேறு நாளில் அழைத்து, “என்ன விலை போகும்” என்று மட்டும் கேட்டாலும் ஒரு தெளிவு பிறக்கும். கேட்பதற்குக் கூலி இல்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்த்தல் கூடாது. அது பத்திரம். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் நாள் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய நம் பகுதியில், பழைய குடும்பங்களின் மூலப்பத்திரம் நொத்தேர் முன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டதாக இருக்கக்கூடும். அதிலுள்ள எல்லையும் இன்றைய செட்டில்மெண்ட் நகலும் பட்டாவும் ஒத்திருக்கின்றனவா, இறந்தவர் பெயரிலேயே வீடு இருக்கிறதா, மணமாகிச் சென்ற பெண்மக்கள் உள்ளிட்ட வாரிசுகள் யாவரும் ஒப்பமிட இசைகின்றனரா என்பவற்றை விற்பனைப் பேச்சுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய கட்டணம் செலவன்று, காப்பு. பத்திரக் குறையுள்ள வீட்டைக் கண்டதும் வாங்குபவர் விலையை இறக்குவார். குறையைத் தாமே தீர்த்து வைத்தவர் விலையை இறக்க வேண்டியதில்லை.

தரகரை அமர்த்துவோர் கைக்கொள்ள வேண்டிய சில நெறிகளையும் கூறிவிடுவோம். கூலி இவ்வளவு, அது விலையில் எத்தனை வீதம், பத்திரம் பதிவாகும் நாளில் மட்டுமே தரப்படும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடல் வேண்டும். அவர் வாங்குபவரிடமும் கூலி பெறுகிறாரா என்பதைக் கேட்டு அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்குபவரை நேரில் காணாமலும், அவர் வாயால் விலையைக் கேளாமலும் முன்பணம் பெறுதல் கூடாது. தரகர் தம் பெயரிலேயே சிறு முன்பணம் கொடுத்துக் கிரய உடன்படிக்கை எழுதிக்கொள்ள வந்தால், அவர் அக்கணமே தரகர் அல்லர், வியாபாரி என்று உணர வேண்டும். அந்தத் தாளை வைத்து அவர் வேறொருவருக்கு விலை கூட்டி விற்க முயல்வார். நாம் மறுத்தால் ஒப்பந்தப்படி எழுதிக்கொடு என்று வழக்குத் தொடுப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “பவர்” என்று சொல்லப்படும் பொது அதிகாரப் பத்திரத்தை விற்பனைக்காக எழுதிக் கொடுத்தல் ஆகாது. அதைப் பெற்றவர் நம் வீட்டை எந்த விலைக்கும் எழுதிக் கொடுக்க வல்லவர். பவர் பத்திரமும் உடன்படிக்கையும் மட்டும் கொண்டு வீடு கைமாறிவிட்டதாகக் கொள்ள முடியாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11-ஆம் நாள் தீர்ப்பளித்திருக்கிறது. பணமும் வங்கி வழியே வருவதே நன்று. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் 2015 ஜூன் 1 முதல் தடுத்திருக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்கு நிகரான தண்டமும் விதிக்கலாம். தரகுக் கூலிக்கும் ரசீது பெற வேண்டும். விற்பனை ஆதாயத்துக்கு வரி கணக்கிடும்போது அக்கூலியைக் கழித்துக்கொள்ள இடமுண்டு. ரசீது இல்லாத கூலியைக் கழிப்பது எவ்வாறு?

இனி, சங்கத்தின் கடமை என்ன? ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பர்க் நகரில் 1971-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் ஒன்று சேர்ந்து, வீடு விற்போரின் அறிவிப்புகளை ஓரிடத்தில் யாவரும் காண வைக்கும் நிலையம் ஒன்றை நிறுவினர். அது இன்றும் நடைபெறுகிறது. பலர் கூடித் தகவலை வெளிச்சத்தில் வைத்தால், துண்டுக்குள் விலை பேச இடமில்லாமற் போகும் என்பதே அதன் பாடம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லுக்கு நாம் கண்டதும் இதுவே: எடை எல்லார் முன்னிலும், ஏலம் எல்லார் செவியிலும்.

சங்கம் தரகராக மாற வேண்டும் என்று நாம் கூறவில்லை. கூலி பெறவும் கூடாது. பத்திரத்துக்குப் பொறுப்பேற்கவும் கூடாது. ஆனால் சங்க அலுவலகச் சுவரில் ஒரு பலகையும் மேசையில் ஒரு பதிவேடும் வைப்பது நம் சக்திக்கு உட்பட்டதே. விற்க விரும்பும் அங்கத்தினர் தம் வீட்டின் அளவும் கேட்கும் விலையும் அதில் எழுதலாம். வீடு விற்ற அங்கத்தினர், மனமுவந்து, எந்தத் தெருவில் என்ன விலைக்கு விற்றது, தரகு எவ்வளவு ஆயிற்று என்பதை மட்டும் எழுதி வைத்தால், அடுத்து விற்பவருக்கு அதுவே விளக்கு. விலை பேசும் நாளில், எழுத்தறிவும் நிதானமும் உள்ள அங்கத்தினர் இருவர் துணைக்குச் செல்வதும் இயலாத காரியமன்று. தனியே போகும் விதவைத் தாயும், கடனால் குனிந்த நெசவாளரும் அந்தத் துணையால் நிமிர்ந்து பேசுவார்கள். வரும் பொதுக்குழுவில் இதனை அங்கத்தினர்கள் எடுத்துப் பேச வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

தரகரைப் பகைக்க வேண்டியதில்லை. கூலியைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. தெரிந்து கொடுக்கும் இரண்டு வீதம் கூலி. தெரியாமல் போகும் பதின்மூன்று வீதம் கொள்ளை. துண்டை விலக்கிவிட்டு விலை பேசுவோம். அதன்பின் தரகர் வழியே விற்றாலும், தாமே விற்றாலும், நம் வீட்டின் விலை நம் கையில் வந்து சேரும்.